இருபத்து நான்காவது பை

"இந்தப் பையெல்லாம் எங்க வைக்கிறது அத்தான்?"

மச்சினி இதை மூன்றாவது தடவையாகக் கேட்டாள். பார்சல் சார் உள்ளறைக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மனைவியின் வலது கை நடுவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊசி குத்திக் குத்தி அந்த விரல் நுனி காய்த்துப்போயிருந்தது. நாற்பது வருஷம் கூடவே இருந்த விரல்தான், உட்கார்ந்து பார்க்க இன்றைக்குத்தான் நேரம் கிடைத்தது. காலை ஒன்பதரைக்கு முன்னறை நாற்காலியில் இருந்தபடியே தண்ணீர் கேட்டாள். அவர் தம்ளரோடு வருவதற்குள் போய்விட்டாள். அந்தத் தம்ளர் இன்னும் தையல் மிஷின் மேலேயே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

"பின்னாடி எங்கயாவது போடு."

"கைப்பிடியில எல்லாம் கந்தல் துணி கட்டித் தொங்குது. ஆளுங்க வர்ற நேரத்துல பார்க்க நல்லாவா இருக்கும்?"

"எல்லாத்தையும் எடுத்துடு," என்றார்.

மச்சினி சுத்தக்காரி. அக்கா போன துக்கத்தை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் காலையிலிருந்து வீட்டை ஒரு கை பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தான் வாயிலிருந்து உத்தரவு வந்ததும் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் கூடச் சேர்ந்தார்கள். அரை மணி நேரத்தில் இரும்புத் தட்டுகள் காலியாகின, பைகள் பின்கட்டுக் கொட்டகைக்குப் போயின, தரை துடைத்து முன்னறை நடுவில் கட்டில் போட்டாயிற்று. மகனும் மூன்று ஆண்களும் அவர் மனைவி பைக்காரம்மாவைத் தூக்கிக்கொண்டுவந்து அதில் படுக்க வைத்தார்கள். மகள் வெளியூரிலிருந்து காலையில்தான் வந்துசேர முடியும். அதனால் மறுநாள் பத்து மணிக்கு எடுப்பதாக முடிவாயிற்று.

அவளுக்குப் பைக்காரம்மா என்ற பெயரும் இவருக்குப் பார்சல் சார் என்ற பெயரும் தெரு வைத்தவை. இவர் முப்பத்து நான்கு வருஷம் பார்சல் ஆபீசில் குப்பை கொட்டியவர். லேபிள் இல்லாத எதையும் மனுஷன் கண்ணெடுத்துப் பார்க்க மாட்டார் என்று தெருவில் ஒரு கேலி உண்டு. அவள் பெயர் வந்த கதை கொஞ்சம் பெரியது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரே மாதத்தில் நான்கு வீடுகளில் திருட்டுப் போயிற்று. மருந்துக்கடையில் கூட்டம் கூட்டினார்கள். கடைவரிசைக்கு முன்னால் படுத்துக்கிடக்கும் ஆட்களைக் கிளப்பிவிட வேண்டும் என்று பேச்சு வந்தது. ஒத்துக்கொள்பவர்கள் கை தூக்குங்கள் என்றதும் முதலில் தூக்கிய கைகளில் பார்சல் சாருடையதும் ஒன்று. அப்போதுதான் அவர் மனைவி எழுந்து நின்றாள். "அவங்களையும் துரத்திட்டா ராத்திரி நம்ம தெருவுல முழிச்சிருக்க ஒரு ஆள் கிடையாது. முதல்ல அவங்களுக்கு என்ன வேணும்னு கேட்போமே," என்றாள். மறுநாள் அவளும் எலக்ட்ரீசியனும் போய்க் கேட்டார்கள். சோறு கேட்பார்கள், போர்வை கேட்பார்கள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர்கள் கேட்டது, பகலில் பையை வைக்க ஓர் இடம். பையைத் தூக்கிக்கொண்டு போனால் எவனும் வேலை கொடுப்பதில்லை. வைத்துவிட்டுப் போனால் குப்பை வண்டி அள்ளிக்கொண்டு போய்விடுகிறது.

தெருவுக்கே இது புதுச் செய்தியாக இருந்தது. பார்சல் சாருக்கு மட்டும் புதிதில்லை. கல்யாணமான இரண்டாம் வருஷம், அவரிடம் சொல்லாமல் ஒரு தையல் கடையில் வேலை கேட்டுவிட்டு வந்தாள் என்பதற்காக, "போ வெளியே" என்று சொல்லிக் கதவைத் தாழ்ப்பாள் போட்டவர் அவர். பச்சையில் வெள்ளைப் புள்ளி போட்ட துணியில் அவளே தைத்த பை ஒன்று உண்டு. அதைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் தெருமுனை திரும்பியதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றார். கூப்பிடவில்லை. மறுநாள் சாயங்காலம் அவளே வந்தாள், இவர் கதவைத் திறந்தார், அவள் அடுப்பைப் பற்ற வைத்தாள். அவ்வளவுதான். நாலைந்து நாள் கழித்து, கீரையை ஆய்ந்துகொண்டே, வேறு யாருக்கோ நடந்ததைப்போலச் சொன்னாள்: "பையைக் கையில வச்சுக்கிட்டுப் போனா, வீட்டை விட்டு வந்தவளான்னுதான் முதல்ல கேக்குறாங்க. கக்கூசுக்குப் போகணும்னாக்கூட அதை யார்கிட்ட விட்டுட்டுப் போறது?"  அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. நாளைக்குக் கேட்கலாம் என்று தள்ளிப்போட்டதில் முப்பத்தெட்டு வருஷம் ஓடிவிட்டது.

ஆகவே முன்னறையைப் பை வைக்கும் அறை ஆக்கப்போகிறேன் என்று அவள் சொன்னபோது, வாயைத் திறக்காமல் சுவரில் இரும்புத் தட்டுகளைத் திருகி மாட்டிக் கொடுத்தார். அதற்கப்புறம்தான் வாயைத் திறந்தார், மூன்று வருஷம் மூடவில்லை.

கூடாரம் போடும் ஆட்களிடமிருந்து நீலக் கித்தான் சுருள் ஒன்று வாங்கி அவளே எல்லாருக்கும் பை தைத்தாள். எல்லாம் ஒரே நீலம், ஒரே அளவு. தெருவில் நடந்துபோனால் ஆபீசுக்குப் போகிற ஆள் மாதிரி இருக்க வேண்டும், பார்த்தால் வித்தியாசம் தெரியக் கூடாது என்பது அவள் கணக்கு. "அப்போ எப்படி அடையாளம் கண்டுபிடிப்பே? நம்பர் போடு," என்றார் இவர். "நம்பர் எல்லாரும் குடுத்தாச்சு அவங்களுக்கு. ஆஸ்பத்திரியில, ஸ்டேஷன்ல. நான் வேற எதுக்கு?" என்றாள். தையல் கழிவில் ஒரு துண்டுத் துணியை எடுத்து இரண்டாகக் கிழிப்பாள். ஒரு பாதி பையின் கைப்பிடியில், மறு பாதி பைக்குரியவர் கையில். சாயங்காலம் இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்துப் பையைக் கொடுப்பாள். பூப்போட்டது, கட்டம் போட்டது, கோடு போட்டது என்று எதுவும் இன்னொன்றைப்போல இருக்காது. பையை யாரும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்கக் கூடாது என்பது முதல் சட்டம். வாங்க வராத ஆளின் பையைக் கடைசியாக வந்த நாளிலிருந்து ஒரு வருஷம் வைத்திருக்க வேண்டும் என்பது இரண்டாவது. மூன்றாவது சட்டம் கிடையாது.

திருட்டு நின்றது. மருந்துக்கடையின் பூட்டை உடைக்க வந்தவனைக் கடைவரிசை ஆட்களே சத்தம் போட்டு விரட்டினார்கள். எலக்ட்ரீசியன் தெருவின் இரண்டு முனையிலும் விளக்குப் போட்டார். முதலில் கை தூக்கிய வீடுகளே, அந்தப் பக்கம் போகும்போது நின்று இரண்டு வார்த்தை பேச ஆரம்பித்தன.

சாயங்காலம் நான்கு மணிக்கு எலக்ட்ரீசியன் வந்தார். ஏணியும் கையுமாக எங்கேயோ வேலையில் இருந்தவர், செய்தி கேட்டு அப்படியே வந்திருந்தார். பைக்காரம்மாவின் காலடியில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மெதுவாகச் சுவர்ப்பக்கம் பார்த்தார்.

"சார், பையெல்லாம்?"

"பின்னாடி இருக்கு."

பின்கட்டுக்குப் போன எலக்ட்ரீசியன் போன வேகத்தில் திரும்பி வந்தார். "துணியைக் காணோமே சார்," என்றார்.

துணி, தரை துடைத்த வாளியில் இருந்தது. இருபத்து நான்கு துண்டும் பினாயில் தண்ணீரில் ஒன்றோடொன்று சுருண்டு கிடந்தது. மச்சினிக்கு விஷயம் புரிய இரண்டு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் வாளிப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அத்தான்தானே எல்லாத்தையும் எடுத்துடச் சொன்னாரு," என்றாள் சின்னக் குரலில்.

"அவ மேல தப்பு இல்ல. நான்தான் சொன்னேன்," என்றார் பார்சல் சார்.

கொட்டகையில் ஐந்து பேர் கூடி நின்றார்கள். மருந்துக்கடைக்காரரும் வந்து சேர்ந்திருந்தார். எதிரே இருபத்து நான்கு நீலப் பைகள், ஒன்றுக்கொன்று ஒட்டிப் பிறந்த மாதிரி. ஐந்தரைக்கு ஆட்கள் வர ஆரம்பித்துவிடுவார்கள்.

"இன்னிக்கு முடியாதுன்னு சொல்லிடலாம்ப்பா," என்றான் மகன். "சாவு வீடு. அவங்களுக்குப் புரியாதா? நாளைக்கு எல்லாம் முடிஞ்சப்புறம் வந்து வாங்கிக்கட்டும்."

"போர்வை அதுலதான் தம்பி இருக்கு," என்றார் மருந்துக்கடைக்காரர். "மாத்திரையும்தான். ஒரு அம்மாவுக்கு வலிப்பு மாத்திரை ஒரு வேளை தப்பினாலும் ஆபத்து. நான்தான் குடுக்கிறேன், எனக்குத் தெரியும். ஆனா எந்தப் பைன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"வரிசையா வெச்சு, அவங்கவங்க பையை அவங்களே எடுத்துக்கட்டும்னு விட்டா?" என்றான் மகன்.

"எல்லாம் ஒண்ணு மாதிரியே இருக்கு, எதுன்னு தெரியாம ஒவ்வொருத்தரும் எல்லாருடையதையும் திறந்து பார்க்கணும். அதுல ஒரு பை மாறிப் போச்சுன்னா, நாளைக்கு ஒருத்தர் முகத்துல ஒருத்தர் முழிக்க மாட்டாங்க," என்றார் எலக்ட்ரீசியன்.

பார்சல் சார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அவருக்குத் தெரிந்த வேலை இது ஒன்றுதான். "ஆபீஸ்ல இதுக்கு வழி இருக்கு. லேபிள் கிழிஞ்சு போன பார்சலை ரெண்டு சாட்சி முன்னாடி திறந்து, உள்ளே இருக்கறதை எழுதி, கையெழுத்துப் போடுவோம். சாட்சிக்கு நீங்க ரெண்டு பேர் இருக்கீங்க. திறந்துடுவோம்."

மருந்துக்கடைக்காரர் தரையைப் பார்த்தார். எலக்ட்ரீசியன் மட்டும், "அம்மா இருந்தா ஒத்துக்க மாட்டாங்க சார்," என்றார்.

"அவதான் இல்லையே," என்றார் பார்சல் சார்.

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. காலையிலிருந்து டாக்டர் சொன்னார், மகன் போனில் பத்துப் பேரிடம் சொன்னான், வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். அவர் வாயால் இதுதான் முதல் தடவை.   சும்மா நிற்க முடியாமல், திறப்பதற்காகக் குனிந்து, முன்னால் இருந்த பையைக் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினார்.

தூக்கியதும் வலது முழங்காலில் ஏதோ கூராக இடித்தது. தினமும் இடிக்கிற இடம். தினமும் "சனியன்" என்று சொல்கிற இடம்.

"இது கொத்தனாரோடது," என்றார்.

"எப்படிச் சொல்றீங்க?"

"சாந்துக் கரண்டியை இந்த மூலையிலதான் சொருகி வைப்பான். எத்தனை தடவை சொல்லிட்டேன், மாத்தி வையிடான்னு."

அதை ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததைத் தூக்கினார். தூக்கும்போதே உள்ளே சின்னதாகக் கலகலத்தது. "மாத்திரை டப்பா. வலிப்பு அம்மா." அடுத்தது தோளை ஒரு பக்கமாக இழுத்தது. "ரேடியோக்காரர். பேட்டரி போட்டு வெச்சே குடுப்பாரு, இறக்கி வெச்சா தானா பாட ஆரம்பிக்கும்." அடுத்ததில் சலூன் பவுடர் வாசனை. அடுத்தது காகிதம், வெறும் காகிதம், செங்கல் மாதிரி கனம்; கேஸ் நடத்திக்கொண்டிருக்கும் பெரியவருடையது.

அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகு, கடந்த எட்டு மாதமாக, அவள் நாற்காலியில் உட்கார்ந்து துணியை மட்டும் சேர்த்துப் பார்ப்பாள். தூக்கி வைப்பதும் எடுத்துக் கொடுப்பதும் இவர்தான். "முப்பத்து நாலு வருஷம் மூட்டை தூக்கிட்டு ரிட்டயர் ஆனா, பார்சல் ஆபீஸ் வீட்டுக்கே வந்துருச்சு," என்று தினமும் காலையிலும் மாலையிலும் புலம்புவார். அவள் சிரிப்பாள், மூச்சு இருந்த அளவுக்கு. அந்தப் புலம்பலுக்குள் அவர் கை இத்தனையும் கற்று வைத்திருந்தது அவருக்கே தெரியாது. அவளுக்குத் தெரிந்திருக்குமோ என்று நினைத்தபோது கண் நிறைந்துவிட்டது. துடைக்கக் கை காலியாக இல்லை.

"முன்னாடி கொண்டுபோய்த் தட்டுலயே வையுங்க," என்றார். "மேல் தட்டு முதல்ல. நான் சொல்ற வரிசையில."

மகன் பைகளைச் சுமந்தான்.

வாட்ச்மேன் பையும், சாப்பாட்டுக்கடையில் பாத்திரம் தேய்க்கும் அம்மாவின் பையும் மட்டும் ஒரே மாதிரி கனத்தன. இரண்டு கையிலும் மாற்றி மாற்றித் தூக்கிப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தார். இருபத்து மூன்று ஆயிற்று. கடைசியாக ஒன்று மிச்சம் இருந்தது. அதைத் தூக்கினார். கனமே இல்லை. எங்கேயும் இடிக்கவில்லை, கலகலக்கவில்லை, வாசனையும் இல்லை. கை எதையும் சொல்லவில்லை.

"இது யாருது?"

எலக்ட்ரீசியன் பார்த்தார். "அம்மா நாற்காலிக்குப் பின்னாடி, அடித்தட்டுல இருக்குமே, அதுவா சார்? நான் ஒரு தடவை கேட்டேன். அது இன்னும் வராத ஆளோடதுன்னாங்க."

ஆமாம், அந்தப் பை எப்போதும் அங்கேயே இருந்தது. யாரும் வாங்க வரவில்லை, அதனால் அவர் தூக்கியதும் இல்லை. அதை அதன் இடத்திலேயே வைத்தார்.

ஐந்தரைக்கு வந்தார்கள். விஷயம் யார் மூலமோ போயிருந்தது. வழக்கமான பேச்சும் சிரிப்பும் இல்லாமல் வாசலுக்கு வெளியே வரிசையாக நின்றார்கள். உறவுக்காரர்கள் நாற்காலிகளைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார்கள். ஒருவர் ஒருவராகச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கட்டில் அருகே நின்றுவிட்டு, பார்சல் சார் முன்னால் வந்து துணித்துண்டை நீட்டினார்கள். சேர்த்துப் பார்க்க மறு பாதி இல்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. அவர் ஒவ்வொரு துண்டையும் வாங்கி, அவள் பார்க்கிற மாதிரியே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, திருப்பிக் கொடுத்துவிட்டுப் பையை எடுத்தார்.

கொத்தனார் பையை வாங்கிக்கொண்டு, "கரண்டியை நாளையிலிருந்து மாத்தி வைக்கிறேன் சார்," என்றார்.

"வேண்டாம்," என்றார் இவர். "அங்கயே இருக்கட்டும்."

எல்லோரும் போய்ப் பத்து நிமிஷம் கழித்துப் பாத்திரம் தேய்க்கும் அம்மா திரும்பி வந்தாள். பையைக் கழற்றி நீட்டினாள். "இது என்னோடது இல்ல சார். என்னோடது முதுகோட ஒட்டி உக்காரும். இது தள்ளி நிக்குது." அவள் பின்னாலேயே வாட்ச்மேனும் வந்து நின்றார், இன்னொரு பையோடு. இரண்டுமே திறக்கப்படவில்லை, முடிச்சு அப்படியே இருந்தது. பார்சல் சார் பைகளை வாங்கி, முறைப்படி இடம் மாற்றி இருவருக்கும் கொடுத்தார். அவர்களே தெருவில் மாற்றிக்கொண்டு போயிருக்கலாம். வந்து கொடுத்துத்தான் வாங்கினார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் மருந்துக்கடையில் தான் தூக்கிய கை அவருக்கு ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது.

மச்சினி அதற்குள் வாளியிலிருந்த துணிகளைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை அலசியிருந்தாள். பின்கட்டுக் கொடியில் ஒவ்வொன்றாகப் பிரித்துக் காயப்போட்டாள். "சாயம் போகல அத்தான்," என்று வந்து சொன்னாள். அவர் அவள் தலையில் லேசாகக் கை வைத்தார்.

மகள் விடியற்காலையில் வந்து, அழுது ஓய்ந்து, அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். ஆறு மணிக்கு மகன் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "அப்பா, வெளியே நிக்கிறாங்க," என்றான்.

தெருவின் எதிர்ப்பக்கத்தில், தோளில் நீலப் பையோடு நின்றுகொண்டிருந்தார்கள். இன்றைக்குக் கேட்கலாமா கூடாதா என்று தெரியாத நிற்பு. பார்சல் சார் கதவை அகலத் திறந்து வாசலுக்குப் போனார்.

"ஏன் அங்க நிக்கிறீங்க? வேலைக்கு நேரமாகல?"

"இன்னிக்கு எப்படி சார்..." என்று இழுத்தார் ரேடியோக்காரர்.

"இன்னிக்கு வேலைக்குப் போறவங்க பையைத் தூக்கிக்கிட்டா போவீங்க? கொண்டாங்க."

கொடியிலிருந்து மச்சினி துணிகளை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். ஒவ்வொருவர் கையில் இருந்த பாதிக்கும் பொருத்தமான பாதியைத் தேடி அவளே கைப்பிடியில் கட்டினாள். இரண்டு தடவை தப்பாகக் கட்டி அவிழ்த்தாள். கடைசிப் பை தட்டில் ஏறியபோது அவள் கையில் ஒரு துண்டு மிச்சம் இருந்தது.

"இதுக்கு ஆள் இல்ல அத்தான்," என்று நீட்டினாள்.

பச்சை. வெள்ளைப் புள்ளி.

பார்சல் சார் அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். ஓரத்தில் பழைய தையல் ஓட்டை வரிசையாகத் தெரிந்தது. ஒரு காலத்தில் பையாக இருந்த துணி.  அவள் நாற்காலிக்குப் போனார். அதன் முதுகில், தைக்கும்போது மேலே கட்டிக்கொள்ளும் துணி தொங்கிக்கொண்டிருந்தது. அதன் பையில் கைவிட்டார். அளவு நாடா வந்தது, ஒரு சுண்ணாம்புக்கட்டி வந்தது, பிறகு இந்த அறையின் சாவி வந்தது. சாவி வளையத்தில் ஒரு துண்டுத் துணி முடிந்திருந்தது. சாவி தொலையாமல் இருக்கக் கட்டியிருக்கிறாள் என்று அவர் மூன்று வருஷமாக நினைத்திருந்தார்.

இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். கிழிந்த ஓரத்தில், பாதியாகப் போன ஒரு வெள்ளைப் புள்ளி முழுசாயிற்று.

அடித்தட்டில் இருந்த அவளுடைய பையைக் குனிந்து பார்த்தார். வீட்டை விட்டுப் போவதற்கு வைத்திருந்தாளா, போகவில்லை என்பதற்கு வைத்திருந்தாளா? மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். முடிச்சின் மேல் விரல் போயிற்று. அவள் போட்ட முடிச்சு, ஒரு இழுப்பில் அவிழும். திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். கேட்க ஆள் இல்லாத வீட்டில் யார் கேட்கப்போகிறார்கள்? உள்ளே ஒரு மாற்றுடுப்பு இருக்கலாம், ஒரு கடிதம் இருக்கலாம், வெறும் தையல் கழிவாகவும் இருக்கலாம். தெரிந்துகொள்ள வேண்டும்போல இருந்தது, அவ்வளவு ஆசையாக அவர் எதையும் விரும்பியதில்லை. பிறகு விரலை எடுத்துவிட்டார். பச்சைத் துணியைக் கைப்பிடியில் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டினார். பையை அடித்தட்டிலேயே, நாற்காலிக்குப் பின்னால் வைத்தார்.

ஒன்பதரை மணி ஆயிற்று. மகன் பக்கத்தில் வந்து நின்றான்.

"அப்பா, நானும் தங்கச்சியும் பேசினோம். நீங்க எங்ககூட வந்துடுங்க. இங்க தனியா என்ன பண்ணப்போறீங்க? சாயங்காலம் இதையெல்லாம் குடுத்துட்டா ரூமைப் பூட்டிடலாம். எலக்ட்ரீசியன் அண்ணன் வேற இடம் பார்த்துக்குவாரு."

"ஒரு பைக்கு ஆள் வரல."

"எது? அந்தக் கீழ்த்தட்டுப் பையா? அது யாருதுப்பா?"

"வராத ஆளோடது. கடைசியா வந்த நாள்லேருந்து ஒரு வருஷம் வெச்சிருக்கணும். அதான் இங்க சட்டம்."

"கடைசியா எப்போ வந்தாங்க?"

"நேத்து," என்றார் பார்சல் சார்.

மகன் அவர் முகத்தைப் பார்த்தான். 

தெருவில் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். கட்டிலைச் சுற்றி ஆட்கள் நெருங்குவதற்கு முன்னால், பார்சல் சார் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். சாவி வளையத்திலிருந்து துணித்துண்டை அவிழ்க்க நேரம் பிடித்தது, மூன்று வருஷத்தில் இறுகிப்போன முடிச்சு. அவிழ்த்து, அதை அவளுடைய வலது உள்ளங்கையில் வைத்தார். விரல்கள் மடங்க மறுத்தன. துண்டு கீழே விழுந்துவிடாமல், அந்தக் கையைத் தன் கைக்குள் மூடிப் பிடித்துக்கொண்டார்.

"தூக்கலாமா சார்?" என்றார் எலக்ட்ரீசியன்.

"தூக்குங்க," என்றார். கையை விடாமல் கூடவே எழுந்தார்.